கம்பிவலை தெரியாமல் படம் எடுக்க

மலேசியாவின் தேசிய மிருகக்காட்சிசாலையான ஸூ நெகாராவில் கூண்டுக்குள் இருக்கும் இருவாய்ச்சியை எடுத்தால், படத்தில் பறவையைவிடக் கம்பிவலைதான் முன்னால் நிற்கும். லென்ஸை வலையோடு ஒட்டினாற்போல் வையுங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 4 அல்லது அதற்கும் குறைந்த எண்ணில் இருக்கட்டும். பறவை வலையைவிட்டுப் பின்னால் தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்தால் வலை கரைந்துவிடும். வெயில் படும் கம்பி மட்டும் வெள்ளையாகப் புகையும், அதனால் நிழல் விழுந்த பக்கமாக நில்லுங்கள்.

பினாங்குக் கொடிமலையில் கூண்டில்லாமல் திரியும் லோத்தோங் எனும் இலைக்குரங்கு வேறு கதை. இலையடி இருட்டு. ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல், ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்றுங்கள். ஃபோகஸ், கண்ணைச் சுற்றிய அந்த வெள்ளை வளையத்தில் இருக்கட்டும். ஆரஞ்சு நிறக் குட்டியைப் பார்த்ததும் கிட்டே ஓடாதீர்கள், தாய் மிரண்டுவிடும். பழம் காட்டி அழைப்பது வேண்டவே வேண்டாம். அப்புறம், கூண்டில் எடுத்த படமென்றால் அதையும் கீழே எழுதிவிடுங்கள்.