கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள்: காம்போசிட் புரொப்பெல்லர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை பக்கத்து ஹேங்கரில் ஒரு தம்பி தன் ஜெனித் 701 விமானத்தில் மூன்று பிளேடு கார்பன் புரொப்பெல்லரை மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், என்னுடையதும் அதேதான். புரொப்பெல்லரின் நடுவை மூடும் கூம்பான ஸ்பின்னர் மட்டும் ஓரமாக ஒரு துணிமேல் கிடந்தது. ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "பெயின்ட் அடிக்கணும் அண்ணா, அப்புறம் மாட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம் அது.

இக்னிஷன் சுவிட்ச் இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் பிளேடைத் தொட வேண்டும் என்பது போன்ற விஷயங்கள் எல்லாருக்கும் தெரியும், அவற்றை இங்கே எழுதவில்லை. கவனமாக வேலை செய்கிறவர்களும் சறுக்கும் இடங்களைத்தான் எழுதுகிறேன்.

ஸ்பின்னர் இல்லாமல் அதே போல்ட்டைப் போடுவது

முதலில் ஒன்று புரிய வேண்டும். எஞ்சினின் திருகு விசை போல்ட்டின் தண்டு வழியாகப் புரொப்பெல்லருக்குப் போவதில்லை. பிளேடுகள் சேரும் நடுப்பகுதியான ஹப்பும், எஞ்சின் பக்கத்துத் தட்டான ஃபிளாஞ்சும் ஒன்றோடொன்று இறுக அழுந்தியிருக்கும் அந்த உராய்வுதான் அதைக் கொண்டுபோகிறது. போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். இந்த எஞ்சின் 5100 ஆர்பிஎம்மில் 128 நியூட்டன் மீட்டர் தருகிறது. 2.43 மடங்கு கியர்பாக்ஸைத் தாண்டி வரும்போது அது 310ஐத் தொடுகிறது. அதுவும் சராசரிதான். நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக உதைப்பதால் ஒவ்வொரு உதைக்கும் அது ஏறி இறங்கும். அழுத்தம் குறைந்தால் ஹப் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெட்டியோடு வந்த போல்ட்டுகள் ஸ்பின்னரின் தாங்கு தட்டுகளையும் கணக்கில் வைத்து நீளம் பார்த்துக் கொடுக்கப்பட்டவை. தட்டு இரண்டையும் விட்டுவிட்டு மாட்டினேன். அடுக்கின் மொத்தத் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர் குறைந்தது. அதனால் போல்ட்டின் மரை இல்லாத தண்டு ஃபிளாஞ்சுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வாஷர் அதில் பாதியைத்தான் மறைத்தது. நட்டு மரை முடியும் இடம்வரை ஓடி அங்கேயே இறுகிக்கொண்டது. வைத்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்னும் டார்க் ரெஞ்ச், கையேட்டில் சொன்ன எண்ணில் ஆறு போல்ட்டுக்கும் ஆறு முறை கிளிக் என்றது. நட்டுக்கு வெளியே மரை நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாக எஞ்சின் மூடியான கௌலிங்கை மூடினேன்.

டார்க் ரெஞ்ச் அளப்பது நட்டைத் திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைத்தான். அந்த விசை ஹப்பை அழுத்தப் போகிறதா, தண்டில் முட்டி வீணாகிறதா என்று அதற்குத் தெரியாது.

9 மணி நேரம் பறந்தேன். பத்தாவது மணி நேரச் சோதனைக்குக் கௌலிங்கைத் திறந்தபோது ஹப்புக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவிலிருந்து கறுப்பாகப் பசை போல ஒன்று கசிந்து, வெளிநோக்கிக் கோடு கோடாக இழுத்திருந்தது. விரலால் தொட்டேன். எண்ணெய்ப் பிசுபிசுப்பு கொஞ்சம், அதற்குள் நறநறவென்று பொடி. அலுமினியம் தேய்ந்த பொடி அது. நட்டுக்கு அடியில் இருந்த வாஷரை நகத்தால் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது. ஆறில் நான்கு நகர்ந்தன. ஹப்பைக் கழற்றினால் துளைகள் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவத்தில் இருந்தன. ஃபிளாஞ்சின் டிரைவ் புஷ்களில் (போல்ட் நுழையும் உலோகக் குழல்கள்) வெட்டுத் தழும்பு.

புது ஹப், புது புஷ்கள், கியர்பாக்ஸைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பியது எல்லாம் சேர்த்து 2,000 டாலருக்கு மேல் ஆனது. நான்கு மாதம் விமானம் தரையில் நின்றது. அதைவிட என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது வேறு. அந்த 9 மணி நேரத்தில் கடைசி ஒரு மணி நேரம் என் மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். எதையும் இறுக்குவதற்கு முன், ஹப், தட்டு, ஸ்பேசர், ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு போல்ட்டை வெறுமனே நுழைத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மரையில்லாத தண்டு துருத்துகிறதா? வாஷரின் தடிமனுக்குள் அது அடங்கவில்லை என்றால் அந்த போல்ட் வேண்டாம், சரியான நீளத்தில் வாங்குங்கள். வாஷர்களை அடுக்கிக்கொண்டே போய்ச் சமாளிக்காதீர்கள். இறுக்கும்போது கைக்கும் ஒரு சேதி வரும். நட்டு உட்கார்ந்த பிறகு விசை படிப்படியாக ஏற வேண்டும். திடீரென்று சுவரில் முட்டியது போல நின்றால் சந்தேகப்படுங்கள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு வாஷரையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளிப் பாருங்கள். அசையவே கூடாது.

சேரும் முகத்தில் பெயின்ட்

ஹப்பின் பின்முகமும் ஃபிளாஞ்சின் முன்முகமும் சுத்தமாக, வறண்டு இருக்க வேண்டும். அழகுக்காக ஸ்பின்னர் தட்டின் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தப் பெயின்ட் சூட்டிலும் அதிர்விலும் மெல்ல நசுங்கும், நசுங்கிய அளவுக்கு அழுத்தம் போய்விடும். சேரும் இடத்துக்கு டேப் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள்.

மரையில் எண்ணெய்

கையேடு காய்ந்த மரைக்கு எண் கொடுத்திருந்தால் காய்ந்த மரையில்தான் இறுக்க வேண்டும். எண்ணெய் தடவி அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் தாங்க வேண்டியதைவிட மிக அதிகமாக இழுபடும்.

பழைய நைலாக் நட்டு

உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு இது. கழற்றினால் தூக்கிப் போடுங்கள்.

பிட்ச் அளப்பதில் அவசரம்

பிட்ச் என்பது பிளேடின் சாய்வுக் கோணம். தரையில் அந்தக் கோணத்தை மாற்றும் வகைப் புரொப்பெல்லரில் இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூன்று பிளேடையும் அந்தந்த இடத்திலேயே நிற்க வைத்து அளக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு பிளேடையும் ஒரே கிடைமட்ட நிலைக்கு, ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, தயாரிப்பாளர் சொன்ன அதே தூரத்தில் டிஜிட்டல் கோணமானியை வைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நடுவில் யாரும் காக்பிட்டில் ஏறக் கூடாது, ஏறினால் மூக்கின் கோணமே மாறிவிடும். ஹப்பை இறுக்கும்போது பிளேடு கொஞ்சம் திரும்பும். ஆகவே பாதி இறுக்கி அளந்து, முழுவதும் இறுக்கி மறுபடியும் அளக்க வேண்டும். பிளேடுகளுக்கு இடையே 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் திரும்பத் தளர்த்துவேன். ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும்.

தரையிலேயே 5800 ஆர்பிஎம் வேண்டும் என்பது

நிற்கும்போதே 5800 காட்டும்படி பிட்ச்சைக் குறைத்தால், மேலே வேகம் பிடித்ததும் எஞ்சின் எல்லையைத் தாண்டி ஓடும். 5800 என்பதே 5 நிமிடத்துக்குத்தான், தொடர்ந்து ஓட்ட 5500. மறுபக்கம் பிட்ச்சைக் கூட்டிவிட்டு, முழு த்ராட்டிலில் 5200ஐத் தொடாமல் முக்கி முக்கி ஏறுவதும் இந்த எஞ்சினுக்குக் கெடுதல்தான். தரையில் வருவது ஆரம்பக் கணக்கு. சமதளப் பறப்பில் முழு த்ராட்டிலில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் விமானத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 200 ஆர்பிஎம் மாறியது.

காம்போசிட் என்றால் முழுக்கக் கார்பன் என்று நினைப்பது

பலவற்றுக்கு உள்ளே மரம்தான், மேலே கண்ணாடி நாரோ கார்பனோ போர்த்தியிருக்கும். ஹப் பகுதியில் மரம் இருந்தால் அது ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். அதற்கு முன்பக்க அழுத்தத் தட்டும் வேண்டும், பருவம் மாறும்போது இறுக்கத்தையும் சோதிக்க வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையை மட்டும் பார்ப்பது

கிலோவைவிட அந்தக் கிலோ மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் கியர்பாக்ஸுக்கு முக்கியம். ரோட்டாக்ஸ் 912க்கு, அதைக் காட்டும் அளவான நிலைமத் திருப்புத்திறனின் எல்லை 6000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர். விற்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். தர முடியவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

சரளைக் கல்மேல் ரன்-அப் (நின்றபடியே எஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்ப்பது)

வேண்டாம். கல் பட்டுப் பிளேடின் முன்விளிம்பு போய்விடும்.

லாக்புக்கில் எழுதாமல் பறப்பது

அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு வேறு வகைப் புரொப்பெல்லர் போடுவது பெரிய மாற்றம். அங்கத்திய விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. தரும் இயக்க வரம்புகளின்படி விமானம் மறுபடியும், புதிதாகக் கட்டியபோது செய்த முதல் கட்டப் பறப்புச் சோதனைக்குப் போகும், குறைந்தது 5 மணி நேரம், பயணி இல்லாமல். அந்த 5 மணி நேரத்தை நான் ஒழுங்காக முடித்தேன், எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். ஆனால் நடுவில் ஒரு முறைகூடக் கௌலிங்கைத் திறக்கவில்லை. இப்போது முதல் மணி நேரம் முடிந்ததும் திறக்கிறேன், ஐந்தாவது முடிந்ததும் திறக்கிறேன்.

அந்தத் தம்பியின் போல்ட்டை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்டு இரண்டரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. ஸ்பின்னர் தட்டுகளைத் துடைத்து உள்ளே வைத்ததும் வாஷருக்குள் அடங்கியது. பெயின்ட்டைத் தட்டின் மேல் மாட்டும் கூம்புக்கு மட்டும் அடுத்த வாரம் அடிக்கப் போகிறார்.