வீட்டு லோனில் சோலார்: கையெழுத்துக்கு முன் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை முழுக்கப் பழைய மலிவுவிலை வீடுகள். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் வருஷக்கணக்காகத் தவணை கட்டி வாங்கியவை. பலருக்கு இப்போதுதான் கடன் முடிகிற நேரம். அது பார்த்துத்தான் சோலார் விற்கிறவரும் வாசலில் நிற்கிறார். "ரீஃபைனான்ஸ் பண்ணுங்கண்ணே, மாசம் நூறு வெள்ளிதான், கரண்ட் பில் இருக்கவே இருக்காது." அதாவது வீட்டை வைத்துப் புதுக் கடன் எடுத்து, பழையதை அடைத்து, மிச்சத்தில் சோலார் போடச் சொல்கிறார்.

அந்த நூறு வெள்ளியில்தான் முதல் சறுக்கல். சோலாருக்கான 20,000 வெள்ளியை (ரிங்கிட்டை) 4 விழுக்காட்டு வட்டியில் 25 வருஷத்துக்குப் போட்டால் மாதம் 106 வெள்ளி வரும். கையைக் கடிக்காதுதான். ஆனால் முடிக்கும்போது மொத்தம் 31,600க்கு மேல் கட்டியிருப்பீர்கள். அதே பணத்தை 7 வருஷத்தில் முடித்தால் மாதம் 273, மொத்தம் 23,000க்குள் அடங்கிவிடும். கூரையில் போடும் சோலார் பலகை 25 வருஷம் தாங்கும், சரி. பலகையில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டியைப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். தூக்கிப் போட்ட பெட்டிக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஏர்கோனையும் (ஏசி) இந்தக் கடனில் சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

ரீஃபைனான்ஸ் என்றால் 20,000க்கு மட்டும் பத்திரம் எழுதுவதில்லை. பழைய பாக்கி 60,000 இருந்தால் 80,000க்குப் புதுக் கடன். வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, அது 1,000 வெள்ளி. முத்திரை வரி அரை விழுக்காடு, 400 வெள்ளி. வீட்டை மதிப்பிடுகிறவருக்குத் தனி. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் என்ற லாக்-இன் காலமும் முதலிலிருந்து தொடங்கலாம். பழைய பேங்கிலேயே டாப்-அப், அதாவது இருக்கிற கடனோடு கூடுதல் தொகை, கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

கிராண்டையும் (நிலப் பட்டா) எடுத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் மாட்டிக்கொண்டேன். எங்களுடையது குத்தகை நிலம். அடமானம் வைக்க மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்று கிராண்டிலேயே எழுதியிருக்கிறது. அது தெரியாமல் சோலார் போடும் ஒப்பந்தக்காரரிடம் 2,000 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். சம்மதக் கடிதம் கைக்கு வந்தபோது அவர் சொன்ன விலை காலாவதியாகியிருந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பியது.

அப்புறம் பில். அடுத்த வீட்டு அக்கா தன் பில்லை மேசையில் விரித்தார். மாதம் 90 வெள்ளி. அது முழுசாக மிச்சமானாலும் வருஷத்துக்கு 1,080 தான். 20,000ஐ எடுக்கவே பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும், வட்டி தனி. பகலில் வீட்டில் ஆளும் கிடையாது, வெயில் உள்ள நேரத்தில் ஓடுவது ஃபிரிட்ஜ் மட்டும். விற்கிறவர் நீட்டுகிற கணக்கு எந்த வருஷத்தது என்றும் கேளுங்கள். மின்கட்டண முறை 2025 ஜூலை 1இல் மாறியது. மிஞ்சிய மின்சாரத்தை பில்லில் வரவு வைத்த NEM 3.0 திட்டத்தில் புதிதாகச் சேர்வதும் அதற்கு முந்தின நாளே முடிந்தது. பழைய தாளில் வரும் மிச்சக் கணக்கை இனி நம்ப முடியாது.

கூரையும் தாங்க வேண்டும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருக்கலாம். அதில் துளை போட்டால் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதை மாற்றும் செலவை யாரும் முதல் தாளில் எழுதமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். என் வீட்டில் தோசைக்கல் மாதிரி சுட்டது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ராக்வூல் (சூடு தடுக்கும் பஞ்சு) விரித்து, சூடு வெளியேற வழி விட்டால், மாலையில் ஏர்கோன் படும் பாடு குறையும். இதற்குக் கடனே வேண்டாம், போனஸில் முடித்துவிடலாம். ஏர்கோன் மாற்றுகிற அன்றைக்கு சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) லேபலில் நட்சத்திரத்தை எண்ணி வாங்குங்கள், ஐந்துதான் உச்சம். இபிஎஃப்பைத் (ஊழியர் சேமநிதி) தொடலாம் என்று யாராவது சொன்னால், எதற்காக எடுப்பது என்று பாருங்கள். அதன் வீட்டுக்கான பணமெடுப்பில் கடன் பாக்கியைக் குறைக்க எடுக்கலாம், வீட்டைப் புதுப்பிக்க விடமாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பில் பெரிதாக இருந்து சோலார் போட்டே ஆக வேண்டும் என்றால், டாப்-அப் எடுத்து மாதாமாதம் கூடுதலாகக் கட்டுங்கள். சும்மா கட்டினால் சில பேங்குகள் அதை அடுத்த மாதத் தவணையாக எடுத்துக்கொள்ளும். அசலில் கழிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள்.