பூங்காவுக்குப் பூட்டு எதற்கு?

மதுரையில் நாகமலை, ஐயர் பங்களா பக்கம் புதிதாகக் குடியிருப்போர் சங்கம் ஆரம்பிப்பவர்கள் பொது இடத்தைப் பூங்காவாகச் சீர்செய்துவிட்டு ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகள். குப்பைத்தொட்டி, விளக்கு, குழாய் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது யாருக்கும் தெரியும்.

பத்திரம் பார்க்காமல் பணம் போடுவது

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறது என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். பத்திர நகல் கைக்கு வரட்டும்.

மரத்தை வெட்டி பேவர் பிளாக்

சித்திரை மாதம் மத்தியானம் அதில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆளுயரச் சுவர், கேட், பூட்டு

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கையில் காசு சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுவர் எழுப்புகிறார்கள். சாவி செயலாளர் வீட்டில். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறப்பார்கள். ஏன் என்றால், "கண்டவனும் வர்றான்ணே."

அந்தக் கண்டவன் யார்? வேப்பமரத்தடியில் தாயம் உருட்டிய பெரியவர்கள், கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய பூக்காரம்மா, அடுத்த தெருப் பையன்கள். நாள் முழுக்க அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருந்ததே இவர்களால்தான். சுவர் எழும்பியதும் இவர்கள் போனார்கள். தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே விழாமல் போனது.

ஒரு ஏரியாவில் செயலாளர் மகள் வீட்டுக்குத் திருச்சி போனார், சாவியும் கூடவே போய்விட்டது. பிள்ளைகள் ரோட்டில் கிரிக்கெட் ஆடினார்கள். சுவரேறிக் குதிக்கிறவர்களுக்கு மட்டும் ராத்திரியில் பூங்கா திறந்திருந்தது. காலையில் உள்ளே காலி பாட்டில்கள். சங்கம் கூடிப் பேசி என்ன செய்தது? சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தது! அந்தப் பணத்துக்கு இரண்டு பெஞ்சு போட்டிருக்கலாம்.

சுவர் ஊரை என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008-இல் அரசு இடித்துத்தான் பாதை கிடைத்தது. "எங்க சுவர் அந்த மாதிரி இல்லை" என்பீர்கள். உங்கள் 'கண்டவன்' பட்டியலில் எந்தெந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பேசலாம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் சாயங்காலம் போங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் கட்டியது. அங்கேயும் சுற்றிச் சுவர் உண்டு, ஆனால் ஏறி உட்காரும் உயரத்தில். பனையூர்க் கால்வாய் வழியே வைகைத் தண்ணீர் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு, குடும்பம் குடும்பமாக அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அழைப்பிதழ் அடிக்கவில்லை. சுவர் கட்டியே தீர வேண்டும் என்றால் அந்த உயரத்தில் கட்டுங்கள். கேட் வேண்டாம். மாடு நுழைந்தால் விரட்ட அங்கே ஆள் இருப்பார்.

பெஞ்சில் 'உபயம்'

எழுதாதீர்கள். அப்புறம் அது அவர் வீட்டுப் பெஞ்சு.

கணக்கை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுவது

தினமும் பெருக்கித் தண்ணீர் ஊற்றுகிற அம்மா அந்தக் குழுவில் இருக்க மாட்டார். வரவு செலவை அங்கேயே ஒரு கரும்பலகையில் எழுதுங்கள். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் முதல் வரியில் இருக்கட்டும்.