சொட்டு மருந்தில் போரேட் இருக்கிறதா? கண்டுபிடிக்கும் வழி

கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள், கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் எல்லோரும் தங்கள் பாட்டிலில் போரேட் (போரான் சேர்ந்த துணைப்பொருள்) இருக்கிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பயப்பட வேண்டிய பொருள் என்பதால் சொல்லவில்லை. இரண்டு தயாரிப்புகளை ஒரே கண்ணில் பயன்படுத்தும்போது இந்தத் தகவல் கட்டாயம் வேண்டும். லென்ஸோடு சேர்த்துச் சொட்டு மருந்தும் போட வேண்டி வந்ததால்தான் நானும் இதைத் தேடிப் படித்தேன்.

படி 1: பெயர்கள்

போரிக் ஆசிட், சோடியம் போரேட், சோடியம் டெட்ராபோரேட், போராக்ஸ். இந்த நான்கில் எதைப் பார்த்தாலும் போரேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டும் ஜோடியாக வரும்.

படி 2: பட்டியலைப் பிடிப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். லென்ஸ் சொல்யூஷனில் சிக்கல் இல்லை. பாட்டிலிலோ உள்ளே இருக்கும் தாளிலோ பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சொட்டு மருந்து அப்படியில்லை. நம் ஊரில் விற்கும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முதல் வரியில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். அடுத்த வரியில் பிரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாமல் காக்கும் பொருள். கடைசியில் ‘ஆக்வியஸ் பேஸ்’ அல்லது ‘ஆக்வியஸ் வெஹிக்கிள்’ (மருந்தைக் கரைத்திருக்கும் நீர்க் கரைசல்), தேவையான அளவு என்று முடித்துவிடுவார்கள். போரேட் இருந்தால் அந்தக் கடைசி வரிக்குள்தான் இருக்கும், பெயர் தெரியாமல்.

மருந்து விற்கும் ஆப்களில் தேடிப் பயனில்லை. பெட்டியில் உள்ள அதே வரிகளைத்தான் அங்கேயும் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் தளத்தைத்தான் நான் நம்புகிறேன். மருந்தின் பெயரைப் போட்டு, ‘இன்ஆக்டிவ் இன்கிரீடியன்ட்ஸ்’ (துணைப்பொருட்கள்) பகுதிக்குப் போங்கள். ரெஃப்ரெஷ் டியர்ஸ் என்ற சொட்டு மருந்தைத் தேடினால் போரிக் ஆசிட், சோடியம் போரேட் இரண்டும் அங்கே இருக்கும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே பெயரில் வரும் மருந்தின் கலவை நாட்டுக்கு நாடு மாறலாம். பெட்டியில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் கொடுத்து, “இதில் போரிக் ஆசிட் உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

படி 3: அது அங்கே என்ன செய்கிறது?

முதல் வேலை, பிஎச் அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஒரே நிலையில் வைப்பது. கண்ணீரின் பிஎச் சுமார் 7.4. போரிக் ஆசிட் கரைசல் அமிலப் பக்கம், போராக்ஸ் கரைசல் காரப் பக்கம், 9.2 அருகே. இரண்டையும் தக்க விகிதத்தில் சேர்த்தால் கண்ணுக்கு ஒத்துப்போகும் அளவு கிடைக்கிறது. இது வலுவான பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கலவை) அல்ல, ஆனால் கண்ணுக்கு அதுவே வசதி. சொட்டு விழுந்ததும் கண்ணீர் சீக்கிரமே அதைத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும், எரிச்சல் குறையும்.

இரண்டாவது, உப்புச் செறிவைக் கண்ணீருக்கு ஒத்ததாக வைப்பது. 0.9% உப்புக் கரைசல் செய்யும் வேலையைச் சுமார் 1.9% போரிக் ஆசிட் செய்யும். மூன்றாவது, கிருமிகள் பெருகாமல் ஓரளவு தடுப்பது. தனியாக இது போதாது. முக்கியப் பிரிசர்வேட்டிவுக்குத் துணையாகத்தான் நிற்கும்.

பாஸ்பேட் பஃபரும் உண்டு. கருவிழி மோசமாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு, மிக அரிதாக, பாஸ்பேட் உள்ள சொட்டு மருந்தால் கருவிழியில் கால்சியம் படிந்திருக்கிறது. கருவிழியில் புண் இருப்பவர்கள் எந்தப் பஃபர் என்று மருத்துவரிடம் கேட்பது தவறே இல்லை.

படி 4: எதோடு சேர்கிறது என்று பாருங்கள்

பிள்ளைகள் பசையில் லென்ஸ் சொல்யூஷனையும் சமையல் சோடாவையும் கலந்து ஸ்லைம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பசையின் நீண்ட இழைகளைப் போரேட் ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் அது இழுபடும் கூழாகிறது. சோடா பிஎச்சை உயர்த்தி அந்தப் பிணைப்புக்கு உதவுகிறது.

பாலிவினைல் ஆல்கஹால் என்ற, இதேபோல் நீண்ட இழைகள் கொண்ட பொருள் சேர்ந்த சொட்டு மருந்துகள் கடையில் உண்டு. அதுவும் போரேட்டும் சேர்ந்தாலும் இதே பிணைப்புதான்; லென்ஸில் பிசுபிசுப்பான படிவு உண்டாகலாம். ஆகவே போரேட் உள்ள சொல்யூஷனில் லென்ஸை ஊற வைப்பவர்கள் பாலிவினைல் ஆல்கஹால் இல்லாத சொட்டு மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இதே வேதியியலை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. சிஸ்டேன் அல்ட்ரா என்ற சொட்டு மருந்தில் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல் குவார் (கொத்தவரை விதைப் பிசினிலிருந்து செய்யும் கெட்டிப்பொருள்), போரேட், சார்பிட்டால் (சர்க்கரை போன்ற ஒரு பொருள்) மூன்றும் உண்டு. பாட்டிலுக்குள் போரேட்டைச் சார்பிட்டால் பிடித்து வைத்திருக்கும். கண்ணுக்குள் வந்ததும் கண்ணீரில் சார்பிட்டால் நீர்த்துப்போக, போரேட் குவாரைப் பிணைத்து மெல்லிய ஜெல்லாக்குகிறது. ஈரம் கூடுதல் நேரம் நிற்பது அதனால்தான். மிக அழகான யோசனை என்று நினைக்கிறேன்.

பிற்சேர்க்கை 1: “கேரம் போர்டு பவுடரும் போரிக் பவுடர்தானே, தண்ணீரில் கரைத்துக் கண் கழுவலாமா?” என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. நாட்டு மருந்துக் கடை வெங்காரமும் கூடாது. அவை கிருமி நீக்கியவை அல்ல, வீட்டில் பிஎச்சையும் செறிவையும் சரியாக வைக்கவும் முடியாது. போரிக் ஆசிட் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. காயம்பட்ட தோல் வழியாகவும் உடலில் ஏறும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, மருத்துவர் சொல்லாமல் போரேட் உள்ள சொட்டு மருந்து போடாதீர்கள். போரான் அதிகமுள்ள மருந்துகளுக்கு ஐரோப்பாவில் இந்த எச்சரிக்கையை மருந்துத் தாளிலேயே அச்சிடச் சொல்கிறார்கள்.

பிற்சேர்க்கை 3: இடைவெளி பற்றி. இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடமாவது விடுங்கள். பென்ஸல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் உள்ள மருந்தென்றால் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, குறைந்தது 15 நிமிடம் கழித்து மாட்டுங்கள். லென்ஸ் சொல்யூஷனைச் சொட்டு மருந்தாகக் கண்ணில் விட வேண்டாம். இரண்டிலும் போரேட் இருந்தாலும் சொல்யூஷனில் இருப்பது லென்ஸைக் கிருமி நீக்கும் கலவை.