கோப்பு எண்ணைப் பிடித்து ஆர்டிஐ மனு எழுதுவது எப்படி?

அரசு அலுவலகத்தில் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்டால், பெரும்பாலும் "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். கொஞ்சம் பழைய விஷயமாக இருந்தால் "கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்பார்கள். எங்கள் பகுதி வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றிக் கொடுத்த மனுவுக்கு எனக்கு இந்த இரண்டு பதிலும் அடுத்தடுத்து வந்தன. கடைசியில் கோப்பு கைக்கு வந்தது, அலுவலகப் பதிவேடுகளின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகுதான். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாநில அரசு அலுவலகங்களுக்கு இது பொருந்தும்.

மனு எழுதும் அடிப்படை பலருக்கும் தெரியும்: பெறுநர் பொதுத் தகவல் அலுவலர், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, தேதி, கையெழுத்து. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது.

முதல் படி: கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், இல்லாததைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "ஏன்", "எப்போது" என்று தொடங்கும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, அந்தப் பதில் எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசியுங்கள். நடவடிக்கை எடுக்காத காரணம் கோப்பின் குறிப்புப் பகுதியில் இருக்கும். எழுத்தர் எழுதி, கண்காணிப்பாளர் திருத்தி, அலுவலர் கையெழுத்திட்ட பக்கங்கள் அவை. கடிதப் போக்குவரத்து நடப்புப் பகுதியில் இருக்கும். இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "கோப்பின் நகல்" என்று மட்டும் எழுதினால் நடப்புப் பகுதி மட்டும் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: முதல் மனுவில் பதிவேட்டுப் பக்கம் மட்டும்

பலர் வழுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு தபாலுக்கும் ஒரு எண் விழுகிறது. பிறகு அது உரிய எழுத்தருக்குப் போய், அவருடைய தன்பதிவேட்டில் ஏறுகிறது. பதில் கடிதங்களின் தலையில் பார்த்திருப்பீர்கள்: ந.க.எண்.1234/2022/அ3. இதில் 1234 வரிசை எண், 2022 கோப்பு தொடங்கிய ஆண்டு, அ3 அதைக் கையாளும் இருக்கை. உங்கள் கையில் இந்த எண் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் முதல் மனுவில் இதை மட்டும் கேளுங்கள்:

"…… தேதியில் தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்ட எனது மனு பதிவு செய்யப்பட்டுள்ள தன்பதிவேட்டின் பக்கத்தின் சான்றிட்ட நகல்."

ஒரே பக்கம். மறுப்பதற்கு முகாந்திரமே இல்லை. பக்கத்துக்கு 2 ரூபாய். அது வந்ததும் முடிவு குறித்த பத்தியை (நெடுவரிசையை)ப் பாருங்கள். கோப்பு முடிந்திருந்தால் முடிவின் வகை அங்கே இருக்கும். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. பழைய கோப்புகளில் ஆங்கிலச் சுருக்கமாக எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ். என்று இருக்கும், வரிசை அதேதான். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாகக் காக்க வேண்டியது.

இந்த இரண்டெழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூ.மு. கோப்பை ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால், அழித்துவிட்டோம் என்ற பதில் நியாயமானதாகவே இருக்கலாம். ஆர்.டிஸ். கோப்புக்கு அந்தப் பதில் செல்லாது.

கிராமக் கணக்குகளைக் கேட்பதானால் ஆண்டைப் பசலியில் (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கில்) எழுதுங்கள். அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கு அப்படித்தான் பராமரிக்கப்படுகிறது. ஜூலையில் தொடங்கும் ஆண்டிலிருந்து 590-ஐக் கழிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434.

மூன்றாம் படி: கோப்பைப் பார்வையிடக் கேளுங்கள்

இரண்டாவது மனுவில் எண்ணைக் குறிப்பிட்டு, பிரிவு 2(ஜே)-யின் கீழ் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். நகலை மட்டும் கேட்பதைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பு முழுவதையும் புரட்டிவிட்டு வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பணம் கட்டலாம். பக்க எண் எங்காவது தாவுகிறதா என்பதும் அங்கேதான் தெரியும். நோட்டில் பக்க எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு வாருங்கள். கைபேசியில் படம் எடுக்க வேண்டுமானால் அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

இணையத்திலும் மனு போடலாம். ஆனாலும் நேரில் கொடுத்து, என் பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குவதைத்தான் நான் விரும்புகிறேன். பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்ற சண்டையே வராது.

"கோப்பு கிடைக்கவில்லை" என்றால்

சட்டத்தின் பிரிவு 4(1)(ஏ), ஆவணங்களை எல்லாம் வகைப்படுத்தி அட்டவணையிட்டுப் பராமரிக்கச் சொல்கிறது. கோப்பு காணாமல் போனது என்பதைத் தகவல் தர மறுக்கும் காரணமாக பிரிவு 8 எங்கும் ஏற்கவில்லை. 2013-ல் யூனியன் ஆஃப் இந்தியா எதிர் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தை முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரித்து நிர்ணயிக்க வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் இந்த வழக்கைக் குறிப்பிடுங்கள்.

கூடவே தனியாக ஒரு மனு: "மேற்படி கோப்பு பதிவறைக்கு அனுப்பப்பட்டதற்கான பதிவேட்டுப் பக்கம், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புக்கான உத்தரவு மற்றும் அழிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்." முறைப்படி அழித்திருந்தால் இந்தக் காகிதங்கள் இருந்தாக வேண்டும். எனக்கு இந்த மனு போன பிறகுதான் கோப்பு பதிவறைக் கட்டிலிருந்து வெளியே வந்தது, வேறொரு ஆண்டின் கட்டுக்குள் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் பதிவறையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர்தான். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, பதிவறைக்கு ஆளும் இடமும் ஒதுக்காதவர்கள் மீதுதான் கோபம்.

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், பிரிவு 19(1). இரண்டாவது, தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள். பலரும் தகவலையும் அபராதத்தையும் மட்டும் கோருகிறார்கள். பிரிவு 19(8)(ஏ)-யின் கீழ், ஆவணங்களைப் பராமரிக்கும், நிர்வகிக்கும், அழிக்கும் முறையை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கோரிக்கையில் அந்த வரியையும் தவறாமல் சேருங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் கேட்டார்கள், "கோப்பு வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்கிறார்களே?" பிரிவு 6(3)-இன்படி உங்கள் மனுவை 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், நீங்கள் புதிதாக மனுப் போட வேண்டியதில்லை. அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மனு நிலுவையில் இருக்கும்போதே அழிக்கும் காலம் முடிந்துவிட்டால்? கேட்கப்பட்ட தகவலை அழிப்பதற்குப் பிரிவு 20-இன்கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதனால் மூ.மு. கோப்பு என்று தெரிந்தால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.