ஒரு சாண் நரம்பு முனை: மல்லி மொட்டை வைத்துச் செய்து பார்ப்போம்

அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் ரசாயனத்தை நரம்பு செல் எப்போது, எந்த இடத்தில் வெளியே விடுவது என்று எப்படி முடிவு செய்கிறது? பாடப்புத்தகப் படத்தில் எனக்கு இது பிடிபடவே இல்லை. மாட்டுத்தாவணியில் நூறு கிராம் மல்லி வாங்கி வந்து தரையில் பரப்பிய பிறகுதான் பிடிபட்டது. (முகூர்த்த நாளில் போகாதீர்கள், விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.) கடுகு, வாழைநார், கோலப்பொடி, சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1. ஒரு சாண் அகலத்தில் வட்டம் போடுங்கள். இதுதான் நரம்பு முனை. உண்மையில் சுமார் ஒரு மைக்ரான்; நாம் இரண்டு லட்சம் மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம். வட்டத்துக்கு வெளியே ஒரு பக்கம் 4 மி.மீ. தள்ளி ஒரு கோடு: அது அடுத்த செல். நடுவில் இருப்பது 20 நானோமீட்டர் இடைவெளி.

படி 2. வட்டத்துக்குள் மொட்டுகளைக் கொட்டுங்கள். ஒவ்வொன்றும் ரசாயனம் நிரம்பிய வெசிக்கிள் என்ற குட்டிப் பை, குறுக்களவு 40 நானோமீட்டர். அந்தக் கோட்டைப் பார்த்த ஓரத்தில் மட்டும் ஐந்தாறு மொட்டுகளை ஒட்டி வையுங்கள். மற்றவை இருப்பு.

படி 3. ஓரத்து மொட்டு ஒவ்வொன்றையும் நாரால் விளிம்போடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள், ஆனால் இறுக்காதீர்கள். பூக்கட்டும் அக்காக்கள் கண்ணியை இழுப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவார்களே, அந்த நிலை. நார்தான் ஸ்னேர் புரதங்கள். முக்கால் வேலை முன்பே முடிந்து கிடப்பதால்தான் அத்தனை வேகம்.

படி 4. விளிம்பிலேயே, ஓரத்து மொட்டுகளுக்கு அரை சென்டிமீட்டர் பக்கத்தில் கடுகு வையுங்கள். கடுகு, கால்சியம் வரும் வாசல். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான். வாசலும் மொட்டும் தற்செயலாக அருகருகே அமைவதில்லை. ரிம் என்ற புரதம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது.

படி 5. மின் துடிப்பு வந்துவிட்டது, வாசல் திறந்தது. வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு என்பதால் குபுகுபுவென்று நுழையும். கடுகின் மேல் ஒரு சிட்டிகை கோலப்பொடி போடுங்கள். குவியல் கடுகைச் சுற்றி மட்டும்தான் நிற்கிறது, பார்த்தீர்களா? பொடி பட்ட மொட்டின் முடிச்சை இறுக்கி, மொட்டைக் கோட்டுப் பக்கம் பிரித்து விடுங்கள். அசல் செல்லில் கால்சியத்தைப் பிடித்து இந்த வேலையைத் தூண்டுவது சினாப்டோடாக்மின் என்ற புரதம். கால்சியம் நுழைந்த சுமார் 0.2 மில்லி வினாடியில் காரியம் முடிந்துவிடும். இதைக் கண்டறிந்ததற்காகவே ஆய்வாளர் தாமஸ் சுடோஃப் 2013 நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

படி 6. இப்போது கடுகை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து மறுபடி பொடி போடுங்கள். மொட்டுக்கு எட்டவே எட்டாது. மொட்டருகே வந்து சேரும் கால்சியம் இரட்டித்தால் ரசாயன வெளியீடு கிட்டத்தட்ட பதினாறு மடங்கு ஏறும். பாதியானால் அதே கணக்கில் இறங்கும்.

படி 7. ஒரு மொட்டின் நாரைக் கத்தரித்துவிட்டுப் பொடி போடுங்கள். வாசல் திறக்கிறது, கால்சியம் வருகிறது, மொட்டு அசையவில்லை. சுருக்கம் போக்கப் போடும் போடாக்ஸ் ஊசி தசைக்குப் போகும் நரம்பில் செய்வது அம்புட்டுதான்.