மூன்று மணி நேரத்தை அனுப்பாதீர்கள்: நண்பர்களோடு இசை பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் கைபேசிக் குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு மாணவி. ஹெவி மெட்டலும் கேட்பார், மொஸார்ட்டும் கேட்பார். சேர்ந்த அன்று இரவே பதினான்கு இணைப்புகளை வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றின் கீழும் "கட்டாயம் கேளுங்க" என்று ஒரு வரி. மறுநாள் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலம் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அங்கிள், இங்க யாரும் பாட்டே கேட்க மாட்டாங்களா?"

கேட்பார்கள். ஆனால் அவர் செய்த அத்தனையும் நான் முன்பு செய்தவை. கேசட்டில் பதிந்து கொடுத்த காலத்திலிருந்து நண்பர்களுக்கு இசை கொடுத்து வருகிறேன். எதனால் ஒரு பாட்டு திறக்கப்படாமலே போகிறது என்பது கொஞ்சம் தெரியும். தப்பான இணைப்பை அனுப்புவது, ஒரே பாட்டை இரண்டு தடவை போடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பதிவு என்று சொல்லாமல் அனுப்புவது

கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில் ஒரே பாட்டுக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கும். ஒரே பாடகியின் பதிவுகளே வேறுபடும். பாடகி மரியா காலாஸ் 'டோஸ்கா' ஓபராவை 1953இல் மிலான் லா ஸ்காலா அரங்கின் குழுவோடு, விக்டர் டி சபாட்டா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தப் பதிவு செய்தார். 1964இன் கடைசியில் பாரிஸில் மறுபடியும் பாடினார். நடுவில் பதினோரு ஆண்டுகள். முதலாவதில் குரல் முழு வலுவோடு நிற்கிறது. இரண்டாவதில் உச்ச சுரங்கள் ஆடுகின்றன, ஆனால் நடிப்பு இன்னும் ஆழம். நீங்கள் மயங்கியது ஒன்றில், நண்பர் தேடி எடுத்தது மற்றொன்று என்றால் இருவரும் பேசுவது ஒரே பாட்டைப் பற்றியே இல்லை. ராக்கிலும் இதே கதைதான். ஸ்டூடியோ பதிவு, மேடைப் பதிவு, பிற்காலத்தில் மெருகேற்றிய பதிவு என்று மூன்று கிடைக்கும்.

வெறும் இணைப்பை அனுப்பினால் இன்னொரு சிக்கல் உண்டு. நீங்கள் சந்தா கட்டும் செயலி நண்பரிடம் இருக்காது. அல்லது சிங்கப்பூரில் ஓடுவது சென்னையில் இருப்பவருக்கு ஓடாது. பதிப்புரிமை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் பாட்டு, பாடியவர், நடத்தியவர், ஆண்டு ஆகிய நான்கையும் எழுத்தில் போடுங்கள். இணைப்பு செத்துப் போனாலும் அவர் தேடிக்கொள்வார்.

முழு ஓபராவையும் அனுப்புவது

இதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும். இன்றும் மனது ஆறவில்லை.

எனக்குச் சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசியச் சேவையில் கிடைத்த நண்பர் ஒருவர். ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து என் கையில் திணித்தவர் அவர்தான். எனக்கு ராக் பழக்கியதே அவர். நான் அவருக்கு ஓபரா பழக்க இருபது வருடமாகப் பார்த்தேன், நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் ஒருநாள் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார்: "மச்சான், நீ சொல்லுவியே அந்த ஓபரா, அத எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

அடுத்த மாதம் கொரோனாவால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மூடப்பட்டது. மார்ச் 16 முதல் ஒவ்வோர் இரவும் தங்கள் பழைய நிகழ்ச்சி ஒன்றை இணையத்தில் இலவசமாக ஓடவிட்டார்கள். முதல் நாள் 'கார்மென்'. அங்கே இரவு ஏழரை என்றால் அப்போது இங்கே சிங்கப்பூரில் காலை ஏழரை. ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று யார் நினைத்தது? தினமும் ஏழரைக்கு எழுந்த சூட்டோடு நண்பருக்கு இணைப்பை அனுப்பினேன். இரண்டாவது வாரம் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்கள். 'ரிங்' வரிசையின் நான்கு ஓபராக்கள் நான்கு நாளில், மொத்தம் ஏறக்குறைய 15 மணி நேரம். அதையும் அனுப்பினேன். "இத விடக்கூடாது மச்சான்" என்று வேறு எழுதினேன்.

முதல் சில நாள் அரைமணி நேரம் பார்த்ததாகச் சொன்னார். பிறகு கட்டைவிரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. மே மாதம் தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், கண்ண முழிச்சா உன் லிங்க்தான் நிக்குது. பார்க்கலன்னா மறுநாள் போயிடும்னு ஒரு பதற்றம். ஆபீஸ் வேலையே தேவலைன்னு ஆயிடுச்சு." கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து ஓபரா என்று நான் எதை அனுப்பினாலும் அவர் திறப்பதில்லை. இருபது வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு கேள்வியை இரண்டே வாரத்தில் கெடுத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது 'எங்கிருந்து ஆரம்பிப்பது' என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கொடுத்த அதே கேசட்டில், 1969இல் வந்த அந்த ஆல்பத்தில், பிரிவைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. கிடாரின் அடிச்சுரம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கு அது மனப்பாடம். இங்கிலாந்தின் ஹென்றி பர்செல் 1680களில் எழுதிய 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஓபராவின் முடிவில், கைவிடப்பட்ட அரசி டைடோ சாகப் போகும்போது பாடுகிறாள். அடியில் செல்லோ அரையரைச் சுரமாக இறங்குகிறது, தரையைத் தொடுகிறது, மறுபடி மேலிருந்து இறங்குகிறது. பாட்டு முடியும்வரை இந்த இறக்கம் நிற்பதில்லை. என்னை நினைவில் வை, என் விதியை மறந்துவிடு என்கிறாள். பாட்டு ஆங்கிலத்தில் இருப்பதால் மொழித் தொல்லையும் கிடையாது. நான்கு நிமிடம்தான். முழு ஓபராவே ஒரு மணி நேரம்.

அதை மட்டும் அனுப்பி, "மச்சான், அடியில இறங்குற பேஸை மட்டும் கவனி, உனக்குத் தெரிஞ்ச இறக்கம்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். முந்நூறு வருட இடைவெளியை அவர் ஒரே மூச்சில் தாண்டியிருப்பார்.

ஆகவே ஒரு பாட்டு, அதில் ஓர் இடம், அந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. கணினியில் யூடியூபைத் திறந்து 'பகிர்' என்பதை அழுத்தினால், எந்த நொடியிலிருந்து ஓட வேண்டும் என்று குறிக்கச் சிறு கட்டம் ஒன்று இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். இத்தாலியன், ஜெர்மன் பாட்டு என்றால் என்ன நடக்கிறது என்பதை இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிடுங்கள். அடுத்த பாட்டு அடுத்த வாரம்.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன்: பதினான்கில் ஒன்றை எடுங்கள். அவர் மொஸார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' (1791) ஓபராவில் இரவின் அரசி பாடும் இரண்டாவது பாட்டை எடுத்தார். "ஒரு அம்மா மக கையில கத்தியக் கொடுத்து 'போய்க் கொன்னுட்டு வா'ங்கிறா. முதல் நிமிஷம் போதும்" என்று எழுதினார். அன்றிரவு குழுவில் எல்லோரும் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள்.

கைபேசி ஸ்பீக்கரை மறந்துவிடுவது

"ஏன் இப்படிக் கத்துறாங்க?" என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் காதில் உண்மையிலேயே அப்படித்தான் விழுகிறது.

ஓபரா பாடகர்களுக்கு மைக் கிடையாது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற அளவு) பக்கத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற குரல்களில், குறிப்பாக ஆண் குரல்களில், 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனிக் கூர்மை உண்டு. அந்த இடைவெளியில் புகுந்துதான் குரல் வெளியே வருகிறது. கைபேசி ஸ்பீக்கர் அடிச்சுரங்களைத் தின்றுவிட்டு அந்தக் கூர்மையை மட்டும் நன்றாகத் தரும். செல்லோ போய்விடும், குரல் மட்டும் காதைக் குத்தும். டைடோவின் பாட்டை இப்படிக் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும்.

தோ பாயோவில் இருக்கும் நண்பர் ஒருவரின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவருக்கு நல்ல ஹெட்ஃபோனை மாட்டி டெனர் எனப்படும் உயர்ந்த ஆண் குரலில் ஒரு பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கிட்டப்பா மாதிரி எடுக்கிறானே தம்பி" என்றார். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் உச்ச ஸ்தாயியில் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அனுப்பும்போதே "ஹெட்ஃபோன் போட்டு, வீட்டில்" என்று சேர்த்துவிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் வேண்டாம். பீஷான் நிலையம் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மெல்லிய இடங்களெல்லாம் இரைச்சலில் போய்விடும். ஒலியைக் கூட்டி வைப்பார், அடுத்த நிமிடம் கோரஸ் வந்து காதை அடைக்கும்.

கலைத்துப் போட்டுக் கேட்க விடுவது

ராக் கேட்பவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பீட்டில்ஸின் 'ஆபி ரோட்' (1969) ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை. நடுவிலிருந்து ஒன்றைப் பிய்த்து அனுப்பினால் வாக்கியத்தின் பாதியில் அறுந்து நிற்கும். ஓபரா பதிவுகளில் காட்சிக்கு நடுவிலேயே பாட்டு எண் மாறும். கோத்து வந்தால் கோத்தே அனுப்புங்கள், ஷஃபிளை அணைக்கவும் சொல்லுங்கள்.

அரங்கில் கைபேசியில் பிடித்து அனுப்புவது

வேண்டாம். ஒலி உடைந்திருக்கும், பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொல்லை.

"கேட்டாச்சா?"

கேட்காதீர்கள்.

பிடிக்கவில்லை என்றவரோடு வாதாடுவது

ஒரு தடவை பிடிக்கவில்லை என்றால் வேறு வாசல் தேடலாம். இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நேரில் கேட்டால் ஒருவேளை பிடிக்கும் என்று தோன்றினால், எஸ்பிளனேட் அரங்கில் நூறு வெள்ளி டிக்கெட் எடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். தாவரவியல் பூங்கா ஏரியில் இருக்கும் சிம்ஃபனி மேடையில் சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா இலவசமாக வாசிக்கும் நாள்கள் உண்டு. பாய் விரித்து, பிள்ளைகளோடு, கொண்டுபோனதைச் சாப்பிட்டபடி கேட்கலாம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து நடக்கலாம்.

மற்றவர் அனுப்பியதைக் கேட்காமலே இருப்பது

குழுவில் நிறைய அனுப்புகிறவர்களிடம்தான் இதைப் பார்க்கிறேன். அனுப்புவதிலேயே நேரம் போய்விடுகிறது. 2020இல் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் என் நண்பர் எனக்கு மூன்று பாட்டு அனுப்பியிருந்தார். ஒன்றைக்கூட நான் அப்போது திறக்கவில்லை என்பதைப் பின்னால் பழைய செய்திகளைப் புரட்டும்போதுதான் பார்த்தேன்.

இப்போது அவர் அனுப்புவதை முழுதாகக் கேட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் எனக்குப் பிடித்தது என்று எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு வந்தது. நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ் நின்று கிடார் மட்டும் தனியாகப் போகும் இடத்தைச் சொன்னேன். உடனே பதில் வந்தது: "அந்த இடத்துக்குத்தான்டா அனுப்பினேன்."